பெரியப்பாவின் கொப்பி

நெதர்லாந்தில் நிலத்தடி நீர்ப் பயிற்சி முடித்து நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் நன்றியுரை மட்டும் ஒரு முழுப் பக்கம். வழிகாட்டிய பேராசிரியர், ஆய்வுகூடத்தில் உதவியவர்கள், சைக்கிள் தந்த வீட்டுக்காரி என்று எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. உரும்பிராயில் தோட்டம் செய்யும் என் பெரியப்பாவுக்கு இல்லை. ஆனால் அந்த அறிக்கையில் எல்லாரும் பாராட்டிய பகுதி அவருடைய கொப்பியிலிருந்து எடுத்தது.

மாதாமாதம் பூரணையன்று, இறைப்புத் தொடங்குமுன், முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றுக்குள் இறக்கி அவர் நீர்மட்டம் பார்ப்பார். எத்தனை முழம், தண்ணீர் நல்லதா சவரா, மெசின் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு தடித்த சீஆர் கொப்பியில் குறிப்பார். எண்பதுகளில் தொடங்கிய பழக்கம். சவரை அவர் நாக்கில் விட்டுத்தான் பார்ப்பார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. முழத்தை மீற்றராக மாற்றினேன். யாருடையது என்று எழுதாமல் 'கள அளவீடு' என்று மட்டும் போட்டேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. குடிப்பதும் அதைத்தான், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதைத்தான். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். இந்தக் கணக்கை நான் ஒல்லாந்தில் படித்தேன். ஒரேயடியாக இறைக்காதே, விட்டு விட்டு இறை என்று பெரியப்பா சொன்னதும் இதைத்தான்.

பயிற்சி எனக்குத் தந்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெரியவர்கள் முன்னால் கேள்வி கேட்கப் பயந்த பிள்ளையாகப் போனேன், அந்தப் பயம் அங்கே போயிற்று. எங்கள் கிணறுகளின் கதையை அங்கேயும் கண்டேன். அம்ஸ்ரர்டாம் நகரம் 1853 முதல் கடற்கரை மணற்குன்றுகளின் அடியிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. அளவுக்கு மீறி எடுத்து அங்கேயும் சவர் ஏறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து மணலுக்குள் இறக்குகிறார்கள். பழைய கிணற்று அளவீடுகளை அவர்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து நெகிழ்ந்துபோனேன்.

அப்படி நெகிழ்ந்தவள்தான், திரும்புகிற நாளில் பெட்டி நிறை கூடியதும், சொக்லேட்டையும் மச்சாளுக்கு வாங்கிய சப்பாத்தையும் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த பெரியப்பாவின் கொப்பியை எடுத்துக் கடதாசிக் குப்பைக்குள் போட்டேன். தேவையான பக்கங்களைப் படம் எடுத்தாயிற்று என்பது என் நியாயம். மறந்து விட்டுவந்தேன் என்று பின்னால் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. தெரிந்துதான் போட்டேன்.

"கொப்பி கவனமோ, பிள்ளை?" என்று வந்த கிழமையே கேட்டார்.

"ஓம் பெரியப்பா, கந்தோரில இருக்கு."

நான் படம் எடுத்தது போருக்குப் பிந்திய பக்கங்களை மட்டும். எறிந்ததில் என்ன இருந்தது என்று விளங்கப் பல வருடம் எடுத்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெயும் யூரியாவும் அரிதானபோது மெசின்கள் நின்றன, சனம் திரும்பவும் துலாவைப் பிடித்தது. அந்த வருடங்களில் நீர்மட்டம் எப்படி இருந்தது என்பது அதில் இருந்தது. 1995 ஐப்பசியில் போரால், உரும்பிராய் உட்பட, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. 1996 சித்திரையில் அவர் திரும்பும்வரை கொப்பியில் வெறும் பக்கங்கள். திரும்பிவந்து முதலில் எழுதியது, தண்ணீர் நல்லது என்று. இறைக்க ஆளில்லாத ஒரு மாரி நிலத்துக்கு என்ன செய்தது என்பதற்கு அவர் கிணற்றைப் பற்றி இருந்த ஒரே சாட்சி அந்த வரி. இன்று அது என் நினைவில் மட்டும் இருக்கிறது. நினைவை வைத்து எந்தக் கணக்கும் செய்ய முடியாது.

போன பொங்கலுக்கு அவரிடம் உண்மையைச் சொன்னேன். கோபம் வந்தது. கொப்பி போனதற்காகக்கூட இல்லை.

"அண்டைக்கே சொல்லியிருந்தா அடுத்த பூரணைக்கே புதுக் கொப்பி துவங்கியிருப்பனே. கந்தோரில மெசினால பார்க்கினம் எண்டெல்லோ நான் விட்டனான்."

கொப்பியை எறிந்து பழைய வருடங்களை அழித்தேன். பொய் சொல்லி, பின்வந்த வருடங்களையும் எழுதவிடாமல் செய்தேன். இந்த இரண்டாவதை அவர் சொல்லும்வரை நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.

இப்போது அவருக்குக் குனிய முடியாது. கயிற்றை நான் இறக்குகிறேன், அவர் எழுதுகிறார். புதுக் கொப்பி வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, வேண்டியதைப் படம் எடுத்துக்கொண்டு போ என்பது அவர் போட்ட நிபந்தனை. நெதர்லாந்துப் பேராசிரியருக்கும் எழுதினேன்: அந்த அளவீடுகள் யாருடையவை, எந்தப் பெயர் சேர்க்கப்பட வேண்டும் என்று. சேர்ப்பதாகப் பதில் போட்டார். போர்க்காலப் பக்கங்களைப் பார்க்க முடியுமா என்றும் ஆவலோடு கேட்டிருந்தார். இல்லை என்று எழுதினேன். ஏன் இல்லை என்பதையும் எழுதினேன்.