தமிழ் தெரிந்தால் போதாத வகுப்பறை

மேற்கு மாம்பலத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு டியூஷன் சென்டர் வாசலில்தான் விழ வேண்டும். ஆரிய கவுடா சாலையை ஒட்டிய தெருக்களில் மாடியில் கணக்கு, கீழே கெமிஸ்ட்ரி. ரிட்டயர்டு டீச்சர் இல்லாத தெருவே இருக்காது. இந்தப் பேட்டையில் வளர்ந்த பெண் ஒருத்தி, "ஒரு வருஷம் காட்டுல தங்கி பசங்களுக்குப் பாடம் எடுக்கப் போறேம்மா" என்று சொன்னால் அம்மாவின் முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே?" என்பதாக இருக்கும். அடுத்தது, "யானை வருமாமே?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் போகிறவர்களை அதிகம் திணறடிக்கும் விஷயத்தை யாரும் கேட்பதில்லை.

காடு என்றால் நீலகிரி மாவட்டம், கூடலூர் பக்கம். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் மேட்டுப்பாளையம். பஸ்ஸில் ஊட்டி. அங்கிருந்து நடுவட்டம் வழியாக இன்னும் சுமார் 50 கி.மீ. மலையிறக்கம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சந்திக்கும் மூலை அது. 1877 வரை வயநாட்டோடு இருந்த பகுதி. அதனால் மலையாளம் சகஜம், கன்னடமும் உண்டு. 1964-ல் கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் பணியர், பெட்ட குறும்பர், முள்ளு குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகள். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் யானைக்குட்டியை வளர்த்த பொம்மன் - பெள்ளி தம்பதி காட்டுநாயக்கர்கள்தான்.

பள்ளி திறக்கும் ஜூனில் அங்கே தென்மேற்குப் பருவமழையும் திறந்துகொள்ளும். துரைசாமி சப்வேயில் தண்ணீர் நின்றால் நமக்கு மழைக்காலம். அது ஐப்பசி, கார்த்திகையில். கூடலூரில் ஆனி, ஆடியிலேயே கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிடுவார். துணி காயாது. செருப்புக்குள் அட்டை ஏறும். உப்பைத் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அது பலாப்பழ சீசனும்கூட. வாசனை பிடித்து யானை குடியிருப்பு வரைக்கும் வரும். காலையில் கதவைத் திறந்ததும் பால் பாக்கெட்டைத் தேடுகிற பழக்கம் போய், பாதையில் புதுச் சாணம் கிடக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் வரும். நன்றாக வெளுத்த பிறகுதான் கிளம்பலாம். பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள், நாலைந்து பேராக, பெரியவர் ஒருவர் முன்னால் நடக்க. தேன் எடுக்கும் காலத்தில் சில குடும்பங்கள் காட்டுக்குள் போய்விடும். பிள்ளையும் கூடப் போகும். வருகைப் பதிவேட்டில் அது வெறும் 'ஆப்சென்ட்'.

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது வகுப்பறை.

டீச்சர் "உட்காரு" என்கிறார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை நின்றுகொண்டே இருக்கிறது. அடம் இல்லை, அந்தச் சொல் அதற்குப் புரியவில்லை. பணியர் வீட்டில் பேசுவது மலையாளத்துக்கு நெருங்கிய ஒரு மொழி. காட்டுநாயக்கர் மொழி கன்னடத்துக்குப் பக்கம். பெட்ட குறும்பர் மொழி தனி. எதற்கும் சொந்த எழுத்து கிடையாது. நமக்குத் தாய்மொழிக் கல்வியாகத் தெரியும் தமிழ், அந்தக் குழந்தைக்குப் பள்ளியில் முதன்முதலாகக் கேட்கிற அந்நிய மொழி. புரியாமல் விழிக்கிற பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைக்க எந்த டீச்சருக்கும் இரண்டு நாள் போதும். அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள்தான் ஒரு குழந்தை அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு நடந்து வரும்? பாதியில் படிப்பு நிற்கும் கதை பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

கூடலூரில் உள்ள வித்யோதயா பள்ளி இதற்கு ஒரு வழி கண்டது. ராமதாஸ் - ராமா தம்பதி சில குழந்தைகளோடு சிறிய அளவில் தொடங்கியது, 1990-களில் பழங்குடிக் குழந்தைகளுக்கான பள்ளியாக வளர்ந்தது. அங்கே பழங்குடி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்கினார்கள். சிறு வகுப்புக் குழந்தை தன் வீட்டு மொழியில் பேசினால் பதில் சொல்ல ஆள் இருக்கும். தமிழும் இங்கிலீஷும் மெல்ல மெல்ல வந்து சேரும்.

அப்படியானால் மாம்பலத்திலிருந்து போகிறவருக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ். பரீட்சைக்குத் தயார் செய்வது. பாடப் பொருட்கள் செய்து தருவது. ஆனால் சின்ன வகுப்பில் அவர் கடைசி பெஞ்ச். அந்த ஊர்க்கார ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும், எம்.எஸ்சி., பி.எட். படித்துவிட்டு வந்தவருக்கு இன்னும் கூச்சமாக இருக்கும். மூன்று மாதம் தங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களால் பெரிய பிரயோஜனம் இல்லை. குழந்தை ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளவே அவ்வளவு நாள் ஆகும். ஒட்டிக்கொண்டதும் கிளம்பிவிட்டால், அடுத்து வருகிறவரிடம் அது வாயே திறக்காது. ஒரு முழு கல்வியாண்டாவது கையில் இருந்தால் போகலாம்.

ரெயின்கோட், டார்ச், உப்பு முடிச்சு எல்லாவற்றோடும் கோடு போட்ட நோட்டு ஒன்றும் எடுத்துப் போக வேண்டும். பிள்ளைகள் சொல்லும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ள. பெட்ட குறும்பர் மொழியின் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. அந்த இடம் வரும்போது பேனாவை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையிடம் "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்க வேண்டியதுதான்.