விதியறிந்து விளையாடுவோம்

உதைபந்தாட்டத்திலே மிகுந்த பூசலை விளைவிக்கும் விதி எதுவென வினவினால், வன்னியின் எந்த மைதானத்திலும் ஒரே விடைதான் கிடைக்கும்: 'ஓஃப்சைட்'. கிளிநொச்சியிலாயினும், முல்லைத்தீவின் கரையோரக் கிராமங்களிலாயினும், வவுனியாவிலாயினும், மாலை வெயில் தணிந்தபின் நடைபெறும் ஆட்டங்களை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். பந்து கோலுக்குள் புகுகின்றது; விசில் ஒலிக்கின்றது; கோல் இல்லையென மத்தியஸ்தர் கைகாட்டுகின்றார். மறுகணமே இளைஞர் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர். ஓரணி வெளியேற ஆட்டம் அரைகுறையாய் நின்றதையும், அதன்பின் அயற்கிராமங்கள் இரண்டு நெடுநாள் ஒன்றோடொன்று ஆடாதிருந்ததையும் நாம் அறிவோம்.

இப்பூசலுக்குப் பெருங்காரணம் விதியை அறியாமையே என்பது எமது எண்ணம். எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியில் கடைசிக்கு முந்தியவரையும் கடந்து கோல் எல்லைக்கு அண்மையில் நிற்பவரே ஓஃப்சைட் நிலையில் உள்ளவர். அங்கு நிற்றல் மட்டும் குற்றமன்று. அந்நிலையிலிருந்து ஆட்டத்தில் தலையிடுதலே குற்றம். கடைசிக்கு முந்தியவரோடு நேர்கோட்டில் நிற்பவருக்குக் குற்றமில்லை. மூலை உதையிலிருந்தோ, கோல் உதையிலிருந்தோ, எல்லையில் நின்று எறியும் பந்திலிருந்தோ நேரே பந்தைப் பெறுபவருக்கும் குற்றமில்லை. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. தோழன் பந்தை உதைத்த கணத்தில் அவர் எங்கு நின்றார் என்பதே கணக்கு; பந்து அவரை வந்தடைந்தபோது எங்கு நின்றார் என்பதன்று. பார்ப்போர் கண்களோ பந்தோடு ஓடுகின்றன. ஆகவே நேர்மையாளரும் தாம் கண்டதே மெய்யென வாதாடுகின்றனர்.

இவ்விதி கல்லிற் பொறித்த சாசனமுமன்று. 1863 இல் இங்கிலாந்தில் விதிகள் வகுக்கப்பட்டபோது பந்துக்கு முன்னால் நின்றவரெல்லாம் ஓஃப்சைட் ஆயினர். 1866 இல் எதிரணியினர் மூவர் முன்னே நின்றாற் போதுமென மாற்றினர். 1925 இல் அம்மூவரை இருவராக்கினர். நேர்கோட்டில் நிற்பவருக்கு விலக்களித்தது 1990 இலேதான். மூத்தோரும் இளையோரும் வெவ்வேறு காலத்து விதிகளைச் சொல்லி வாதிடுவதும் இதனாலேயே.

அமெரிக்கர் ஆடும் உதைபந்தாட்டத்தில் இதற்கு உறவான 'ஓன்சைட் உதை' ஒன்றுண்டு. தொடக்க உதையை உதைத்த அணியினர், பந்து 10 யார் தூரம் சென்றபின்னரோ, எதிரணியினர் அதைத் தொட்டபின்னரோதான் தொடலாம். எதிரணியினரோ எக்கணமும் எடுக்கலாம். 2020 செப்டெம்பர் 20 ஆம் நாள் டல்லாஸ் அணி அவ்வாறு உதைத்தது. முன்னிலையில் நின்ற அட்லான்டா வீரர், தரையில் மெல்ல உருண்ட பந்தை எடுக்காது பார்த்து நின்றனர். பந்து 10 யாரைக் கடந்ததும் டல்லாஸ் வீரர் அதன்மேற் பாய்ந்தனர். முடிவில் டல்லாஸ் 40–39 என வென்றது. விதி தந்த உரிமையும் உரிய கணத்தில் பயன்படுத்தாதவிடத்துப் பயனற்றுப் போகின்றது.

விதியை அறிந்தபின்னும் கண்ணின் குறை எஞ்சும். 2022 இல் கத்தாரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அதற்கெனப் பொறிகளே அமைத்தனர். நவம்பர் 22 அன்று, சவூதி அரேபியாவுக்கு எதிராக ஆர்ஜென்டீனா போட்ட மூன்று கோல்கள் ஓஃப்சைட் என நீக்கப்பட்டன. அவ்வணி மைதானத்தை விட்டு வெளியேறவில்லை. இறுதிவரை ஆடித் தோற்றது. ஒரு மாதம் கழியுமுன் அதே அணி கிண்ணத்தையும் வென்றது.

எமது மைதானங்களில் அத்தகைய பொறிகள் இல்லை. ஆனால் மரநிழல் உண்டு. ஆட்டத்துக்குமுன் இரு அணியினரையும் அங்கு அமர்த்தி, மத்தியஸ்தர் ஐந்து நிமிடம் விதியை வாசித்துக் காட்டலாம். எல்லைக்கோட்டில் கொடி பிடிப்போரை மூன்றாம் ஊரிலிருந்து அழைக்கலாம். ஐயமெழுந்தால் அணித்தலைவர் மட்டுமே பேசுவதென உடன்படலாம். மாணவர்கள் இப்பழக்கத்தைப் பாடசாலையிலேயே தொடங்குதல் நன்று.

2009 இல் போர் முடிந்து மீளக் குடியேறியபின், பற்றை மண்டிக் கிடந்த நிலத்தைத் துப்புரவாக்கியே எம்மவர் மீண்டும் பந்தாடத் தொடங்கினர். அயலூரை அழைத்து ஆடுதற்கென அரிதிற் பெற்ற இடத்தை ஒரு விசில் ஒலிக்காக வெறிச்சோட விடலாமா?