தந்தி வாங்க 75 மைல்

“உன் அம்மாவோடு பிறந்தவனா நான், அப்பாவோடு பிறந்தவனா?” என்று கேட்டார் அறைத்தோழனின் அப்பா. வாசலில் பனி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டுவிட்டேன். பேர் சொல்லியே கூப்பிடு என்றார்கள். அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாயவரத்தில் வளர்ந்த நாக்குக்கு வரவில்லை. பத்து நாளும் அவர் அங்கிளாகவே இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பேருக்குத் திரும்பியும் பார்த்தார்.

2007 டிசம்பர். மினியாபொலிசில் எம்.எஸ். முதல் வருடம். குளிர்கால விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட, விமான டிக்கெட்டுக்குக் காசில்லாத நான் மட்டும் மிஞ்சினேன். “எங்க வீட்டுக்கு வாயேன்” என்றான் அறைத்தோழன். வீடு ஹிப்பிங்கில், மின்னசோட்டாவின் வடகோடியில் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் இருக்கும் பக்கம். பாப் டிலன் வளர்ந்த ஊர் என்றான். உடனே பையைக் கட்டினேன். டிலன் பாட்டு இரண்டு மூன்று கேட்டிருப்பேன். ஊருக்குப் போன் பேசும்போது சொல்லிக்கொள்ளலாமே என்ற எண்ணம்தான் அதிகம்.

அங்கே போய் நான் முதலில் வியந்தது கார்களை. ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு மின்சார ஒயர் தொங்கிற்று. ராத்திரி அதை வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் சொருகிவிட்டுப் படுக்கிறார்கள். இல்லாவிட்டால் மைனஸ் 25 டிகிரியில் காலையில் எஞ்சின் கிளம்பாதாம். மாட்டைக் கொட்டகையில் கட்டிவிட்டு வருவதுபோல அங்கிள் தினமும் போய்க் காரை ‘கட்டிவிட்டு’ வந்தார். சாயங்காலம் நாலரைக்குள் சூரியன் போய்விடும். எங்கள் ஊரில் அது மார்கழி. விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கி அலறும், வாசலெல்லாம் கோலம் நிறையும். இங்கேயோ வாசல் எது தெரு எது என்றே தெரியாமல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

ஊரைச் சுற்றிக் காட்டினான். பாதி ஊர் இடம் மாறி வந்தது. பழைய ஹிப்பிங்கின் அடியிலேயே தாது இருந்ததால் 1919-இலிருந்து வீடுகளையும் ஓட்டல்களையும் மரக்கட்டைகளின் மேல் உருட்டித் தெற்கே கொண்டுவந்தார்களாம். சமாதானத்துக்குச் சுரங்க வரிப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. 1800 இருக்கைகள், படிகச் சரவிளக்குகள். பள்ளிக்கூட அரங்கம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதே மேடையில் டிலன் பையனாக இருந்தபோது கத்தித் தீர்க்க, தலைமையாசிரியர் மைக்கை அணைத்துவிட்டார் என்பது ஊரார் சலிக்காமல் சொல்லும் கதை. அங்கிளும் அந்தப் பள்ளியில்தான் படித்தார். அவர் பள்ளிக்குப் போன காலத்தில் டிலன் ஊரைவிட்டே போய்விட்டிருந்தார். “நல்லவேளை” என்றார் அங்கிள். அவருக்கு டிலன் குரல் பிடிக்காது.

பார்த்ததெல்லாம் ஒரே பகலில் முடிந்துவிட்டது. மீதி ஒன்பது நாளில் பெரும்பகுதி நான் இருந்தது நிலவறையில்.

அந்த ஊர் வீடுகளில் குளிர்காலம் நிலவறையில்தான் கழியும். மரப்பலகை அடித்த சுவர், பழைய சோபா, மூலையில் ஒரு பெட்டி டிவி. அதன் முன்னால் பிளாஸ்டிக்கில் இரண்டு கிதார்கள், நாலு தட்டுகளும் ஒரு பெடலும் உள்ள டிரம்ஸ், ஒரு மைக். ‘ராக் பேண்ட்’ என்ற வீடியோ கேம். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட 170 டாலர் கொடுத்து அறைத்தோழன் வாங்கியிருந்தான். இரண்டாவது கிதார் அதற்கு முந்தைய ‘கிதார் ஹீரோ’வோடு வந்தது. மாடியில் புதிதாக ஒரு தட்டை டிவி இருந்தும் ஆட்டம் ஏன் கீழே என்று கேட்டேன். புது டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட நொடியில் ஒரு துளி நேரம் எடுத்துக்கொள்ளும், அந்தத் துளியில் தாளம் தப்பிவிடும், பழைய பெட்டிதான் உடனுக்குடன் காட்டும் என்றான். தாளம் என்ற சொல்லை அவன் வாயில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் ஏழு வருடம் மிருதங்கம் கற்றவன். ஆறு மாதம் ‘தா தி தொம் நம்’ தவிர வேறொன்றையும் தொடவிடாத வாத்தியாரிடம். பிளாஸ்டிக் கிதாரின் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். தந்தி இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் தட்ட ஒரு சிறு பட்டை. திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி ஓடிவரும்; அதில் வரும் நிறக் கட்டிகள் கோட்டைத் தொடும்போது அதே நிறத்தை அமுக்கித் தட்ட வேண்டும். தட்டினால் கிதார் ஒலிக்கும், தவறினால் அந்தக் கிதார் மட்டும் பாட்டிலிருந்து காணாமல் போகும். கண்ட நேரத்தில் தட்டினாலும் குற்றம். இதை உருவாக்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தை 1995-இல் தொடங்கிய இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், வாத்தியம் தெரியாதவனுக்கும் வாசிக்கும் சுகத்தைக் கொடுப்பதுதான் அவர்கள் கனவு என்று அறைத்தோழன் பக்தியோடு சொன்னான். பொம்மைத் தவிலைத் தட்டிவிட்டு நாச்சியார்கோவில் போய்வந்தேன் என்பாயா என்று கேட்க நினைத்தேன். அந்த ஊரை அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

டிரம்ஸில் உட்காரச் சொன்னான். கை உடனே பிடித்துக்கொண்டது. மானத்தை வாங்கியது கால். மிருதங்கக்காரனுக்குக் கால் என்பது மடக்கி வைத்துக்கொள்ளும் உறுப்பு. இங்கே திரையின் குறுக்கே ஓர் ஆரஞ்சுக் கோடு வரும்போதெல்லாம் பெடலை மிதிக்க வேண்டும். ‘ஈஸி’ நிலையிலேயே இரண்டு முறை விழுந்தேன். திரையில் கூட்டம் ஊளையிட்டது. “இன்னொரு தடவை” என்றேன். அதற்கப்புறம் நேரம் பார்த்தபோது ராத்திரி இரண்டேமுக்கால்.

ஒரு வேடிக்கை நடந்தது. மணிக்கணக்காக அந்தச் சாலை கீழ்நோக்கி ஓடிவருவதையே பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினால் பலகைச் சுவர் மெல்ல மேலே ஏறும். ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியும் வானத்துக்குத் திரும்பிப் போவதுபோல இருக்கும். பயந்துபோய்ப் பிற்பாடு தேடிப் படித்தேன். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஓர் அருவியை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தபோது பாறை மேலேறுவதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். குற்றாலத்தில் எத்தனை முறை குளித்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. அருவியை யார் பார்த்தார்கள், தலையைக் கொடுப்பதோடு சரி.

மைக்கைப் பிடிக்க ஆளில்லை. என்னைப் பாடச் சொன்னார்கள். பாட்டு வரும் உயரத்தை ஒரு கோடாகக் காட்டி, நம் குரலை ஓர் அம்பாகக் காட்டும். நான் நம் வழக்கப்படி ஒரு சின்னக் கமகம் கொடுத்தேன். அம்பு பேய் பிடித்ததுபோல ஆடியது. அலங்கோலம் என்று தீர்ப்பு வந்தது. அந்த நேரம் துவைத்த துணியை எடுக்க இறங்கிய ஆன்ட்டி, சர்ச்சில் கோரஸ் பாடுகிறவர், மைக்கை வாங்கினார். பாட்டின் வார்த்தை ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. துணியை மடித்துக்கொண்டே வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முழுப் பாட்டையும் முனகினார். ஏறக்குறைய முழு மதிப்பெண்! இயந்திரத்துக்குச் சுருதி மட்டுமே கணக்கு. வார்த்தை வேண்டாம், மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்பதும் வேண்டாம். “இவ்வளவுதானா?” என்று மைக்கைத் துணிக்கூடையில் போட்டபடி மேலே போய்விட்டார்.

சண்டை வந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய மத்தியானம்.

டாக்கனைட் என்ற இரும்புத்தாது ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள் ஒரு காலத்தில் கிதார்காரர். கல்யாண வீடுகளிலும் மதுக்கடைகளிலும் பாதி போல்கா, பாதி ராக் என்று வாசித்த குழு அவருடையது. அன்று படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்தவர், கொடு என்று கையை நீட்டினார். பான் ஜோவியின் ‘வான்டட் டெட் ஆர் அலைவ்’. 1986-இல் வந்த பாட்டு. மேடையில் நூறு தடவையாவது வாசித்திருப்பேன் என்றார். நடுத்தர நிலையை எடுத்தார். அதுதான் வினை. அந்த நிலையில் அசல் பாட்டின் சுரங்களில் பலவற்றை உதிர்த்துவிட்டுத்தான் காட்டுவார்கள். அங்கிளின் கையோ உதிர்ந்ததையும் சேர்த்து வாசித்தது. அவருக்குப் பாட்டு தெரிந்திருந்த ஒவ்வோர் இடமும் தப்பு என்றே பதிவாயிற்று. அவர் பெயர் சிவப்பில் துடித்து அணைந்தது.

இந்த ஆட்டத்தில் விழுந்தவரைக் கூட்டாளி தூக்கிவிடலாம். சேர்த்துவைத்த சக்தியை, கிதாரைச் செங்குத்தாகத் தூக்கிச் செலவழித்தால் விழுந்தவர் மறுபடி உயிர்பெறுவார். அறைத்தோழன் தூக்கினான். அங்கிள் எழுந்தார், மறுபடி விழுந்தார். மறுபடி தூக்கினான். மூன்றாம் முறை விழுந்தால் விதிப்படி மீட்பு கிடையாது. விழுந்தார்.

“என்னைக் காப்பாற்றச் சொல்லி யாராவது கேட்டார்களா?” என்றார். குரல் உயரவில்லை.

“ஆட்டம்தானே அப்பா. நீ நூல்பிடித்ததுபோல வாசிக்கணும், தோன்றினதை எல்லாம் வாசிக்கக் கூடாது.”

“சங்கீதத்தைக் காதால் வாசிப்பார்கள். கண்ணால் இல்லை. இது டைப்ரைட்டிங்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். அங்கிள் சொல்வதுதான் சரி என்று ஆரம்பித்து, குரு, பாடாந்தரம், ஏழு வருடம் என்று பேசினேன். மேடையே கிடைத்ததுபோல இருந்தது. அறைத்தோழன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடைசியாக எப்போது வாசித்தாய்?” என்றான். பிளஸ் டூ பரீட்சைக்காக நிறுத்தினது; ஆறு வருடம். பதில் சொல்லாமல் டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தேன். முந்தின ராத்திரி அவற்றை மூன்று மணிவரை பிடித்திருந்ததில் உள்ளங்கையில் கொப்புளம்.

அன்றிரவு விருந்து லூடஃபிஸ்க். ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம் அது. தாத்தா காலத்து வழக்கம். காட் மீனைக் காயவைத்துப் பிறகு காரநீரில் ஊறப்போட்டு, பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி வேகவைப்பார்கள். காய்ந்த மீன் என்று கேட்டதும் பூம்புகார்க் கருவாடு நினைவில் வந்து நாக்கு ஊறிப்போயிருந்தேன். தட்டில் வந்தது நுங்குபோல நடுங்கியது. காரநீர் என்பதில் காரமே இல்லை. மேலே வெள்ளை மாவுக் குழம்பு, பக்கத்தில் உருளைக்கிழங்கு, மொத்தத் தட்டும் பனி பெய்த முற்றம்போல வெளுப்பு. வெள்ளிக் கரண்டி கறுத்துவிடும் என்று சாதாரணக் கரண்டியே போட்டிருந்தார் ஆன்ட்டி. ஒருவரும் பேசவில்லை. பேச்சில்லாத மேசையில் விருந்தாளி என்ன செய்வான்? இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வீட்டில் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

26-ஆம் தேதி காலை அங்கிள் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். நிஜக் கிதார். தந்திகள் துருவேறி விரலில் பழுப்பு ஒட்டியது. பக்கத்துக் கடை விடுமுறைக்குப் பூட்டியிருந்ததால் டுலூத் வரை போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார். ஒரு செட் தந்திக்காக 75 மைல். மகனைக் கூப்பிடவில்லை.

வழியெல்லாம் அவர் பேசியது மூன்று விஷயம்: மான், பென்ஷன், அவர்கள் குழுவில் அக்கார்டியன் வாசித்தவரின் இரண்டாம் கல்யாணம். குழு ஏன் கலைந்தது என்று கேட்டேன். “குழந்தைகள் பிறந்தார்கள்” என்றார். குன்றிலிருந்து இறங்கும்போது சுப்பீரியர் ஏரி முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரைவிடக் காற்று அவ்வளவு குளிர்ந்துவிட்டால் ஏரி இட்லிப்பானைபோல ஆவிவிடும். ஏரி என்றால் எனக்கு வீராணம். இதற்கு மறுகரை தெரியவில்லை. கடையில் தந்தி வாங்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. கடைக்காரப் பையன் பிளாஸ்டிக் கிதாரும் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டான். அங்கிள் அவனுக்கு நன்றி சொன்னார்.

சாயங்காலம் நிலவறையில் தந்தி மாட்டிச் சுருதி சேர்த்தார். புதுத் தந்தி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. முறுக்கி முறுக்கி ஏற்றினார். ‘வான்டட்’ பாட்டின் தொடக்கம் வந்தது. பிளாஸ்டிக்கில் அவர் கை ஏன் தடுமாறியது என்று எனக்கு அப்போது புரிந்தது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே விரல் வழுக்கும் கீச்சொலி, கொஞ்சம் தாமதித்து விழும் ஓர் அடி. இதற்கெல்லாம் எந்த நிறத்தில் கட்டி வைப்பது? அரைப் பாட்டில் நிறுத்திவிட்டு விரல் நுனிகளைப் பார்த்தார். தோல் மிருதுவாகிவிட்டிருந்தது, சிவந்து தடம் விழுந்திருந்தது. மேலே மகன் நடக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வரவில்லை. அங்கிள் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடி, காரைக் கட்டப் போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சூடான காற்று வருவதற்கு என் கட்டிலருகே தரையில் ஒரு கம்பிச் சல்லடை உண்டு. நிலவறையில் நடப்பதெல்லாம் அதன் வழியே மேலே வரும். மணி ஒன்று இருக்கும். கீழிருந்து கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம். எலியோ என்று காதைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பட்டையைத் தட்டும் ஒலி. பாட்டே கேட்கவில்லை, டிவியை ஊமையாக்கியிருந்தார்கள். அறைத்தோழன் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். போர்வைக்குள் தொடையில் ஆதி தாளம் போட்டேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கிளிக்குகள் எண்ணிக்கைக்குள் வந்து உட்கார்ந்தன. அதே பாட்டுதான். இப்போது கூடுதலாக ஓர் அடிகூட இல்லை, காட்டியதை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது ஆவர்த்தனத்தில், கடைசி வீச்சுக்கு முன்னால், சத்தம் தடுமாறி நின்றது. சோபா ஸ்பிரிங் ஒன்று முனகியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் முதலிலிருந்து. நானும் கையைத் தொடைக்குக் கொண்டுபோனேன்.