ஹார்லெம் ஏரியில் அண்ணன் போட்ட தூண்டில்

2023 கோடையில் ஒரு கூட்டத்துக்காக நாங்கள் மூன்று பேர் நியூயார்க் போயிருந்தோம். கடைசி நாள் வேலை எதுவும் இல்லை. எங்கே போவது என்பதில் எங்களுக்குள் விவாதமே வரவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனோம். படம் எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரம் நடந்தால் சென்ட்ரல் பூங்காவின் வடகிழக்கு மூலை வருகிறது. அதைத் தாண்டினால் ஹார்லெம், கறுப்பின மக்களின் ஊர்.

பூங்காவின் அந்த மூலையில் 11 ஏக்கரில் ஓர் ஏரி இருக்கிறது. பெயர் ஹார்லெம் மீர். மீர் என்றால் டச்சு மொழியில் ஏரி. கரையிலேயே செங்கல்லில் கட்டிய ஒரு கட்டடம். அதுதான் டேனா டிஸ்கவரி சென்டர் என்கிற இயற்கைக் கல்வி மையம். சென்ட்ரல் பூங்காவின் தெற்குப் பக்கம் பணக்காரர்களுக்குப் பளபளத்தபோது, ஹார்லெமை ஒட்டிய இந்த வடக்குப் பக்கம் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஏரியைச் சுற்றி கான்கிரீட் விளிம்பு, தூர்ந்துபோன நீர், பாழடைந்த படகுத் துறை. எல்லாவற்றையும் சரிசெய்து, கரையை மறுபடி மண்ணும் புல்லுமாக்கி, 1993இல்தான் இந்த மையத்தைத் திறந்தார்கள். ஒரே ஊராட்சியில் ஊர்த் தெருவுக்கு சிமெண்டு சாலையும் காலனித் தெருவுக்குச் சேறும் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மையத்துக்குள் பறவை, மரம், பூச்சி பற்றிச் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது வாசலில் நடந்தது. அடையாள அட்டையைக் காட்டினால் தூண்டில் தருகிறார்கள். காசு கிடையாது. இரையும் அவர்களே கொடுக்கிறார்கள். பிடித்த மீனைத் திருப்பி ஏரியிலேயே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். (குழம்புக்கு ஆகாத மீன்பிடிப்பு என்ன மீன்பிடிப்பு என்று எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. அது இன்னும் தீரவில்லை.) கரையெல்லாம் ஹார்லெம் பிள்ளைகள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்களோடு வந்த அண்ணன் தூண்டிலை வாங்கிக்கொண்டு வெகுநேரம் இரை மாட்டாமலே நின்றார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரிலும் ஏரி உண்டு. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் எங்கள் தாத்தாக்கள். மழை ராத்திரியில் கரை உடையாமல் காவல் இருந்தவர்களும் அவர்களே. ஆனால் மீன் குத்தகை ஒருநாளும் காலனிக்கு வந்ததில்லை. கோடையில் ஏரி வற்றும்போது ஊர் முதலில் இறங்கும். அவர்கள் கரையேறிய பிறகு நாங்கள் சேற்றைத் துழாவுவோம். அண்ணன் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் தூண்டில் போட்டார். தூண்டிலை முறித்து, அவரைக் கரையில் மண்டியிட வைத்தார்கள். குத்தகை மீனைத் திருடினான் என்பது குற்றச்சாட்டு. பத்தடி தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பையன்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த ஏரிக்கு அரை மணி நடைத் தொலைவில் படித்துவிட்டு வந்தவர்தான், பதினோரு ஆண்டு கழித்து மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. அது 1927 மார்ச் 20. அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று மகாட் நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. நம் மக்கள் குடித்ததும் அடி விழுந்தது. பிறகு 108 பானைகளில் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். மனிதர் தொட்டால் தீட்டு, சாணம் கலந்தால் சுத்தம்!

அதற்காக அமெரிக்கா சொர்க்கம் என்று எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள் தோழர்களே. மையத்துக்குச் சற்று முன்னாலேயே பூங்காவுக்குள் போகும் ஒரு வாயில் இருக்கிறது. நிரபராதிகள் எனத் தீர்க்கப்பட்டவர்களின் வாயில் என்று அதற்குப் பெயர். 1989 ஏப்ரல் இரவில் இந்தப் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கறுப்பின, லத்தீன் அமெரிக்கச் சிறுவர்கள் ஐந்து பேரைப் பிடித்து, மிரட்டி வாக்குமூலம் வாங்கிச் சிறையில் தள்ளினார்கள். எல்லோருக்கும் 14 முதல் 16 வயதுதான். டொனால்டு டிரம்ப் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான், மரபணுவும் பொருந்தியது. தண்டனை ரத்தானது. அந்த வாயிலுக்கு 2022 டிசம்பரில்தான் இந்தப் பெயரை வைத்தார்கள்.

பூங்காவே ஒரு வெளியேற்றத்தின் மேல் நிற்கிறது. மேற்குப் பக்கம் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் நடுவே செனகா கிராமம் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் காசு கொடுத்து வாங்கிய நிலம் அது. அப்போது நியூயார்க்கில் கறுப்பின ஆண் ஓட்டுப் போட 250 டாலர் சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆக அங்கே நிலம் என்றால் வாக்கு. தேவாலயங்கள் இருந்தன, பள்ளி இருந்தது. பத்திரிகைகள் குடிசைக் கூட்டம் என்று எழுதின. 1857இல் எல்லோரையும் காலி செய்துவிட்டார்கள். அடையாறு, கூவம் கரையில் இருந்த நம் மக்களுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர் வைத்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றியபோது பயன்பட்ட அதே மொழி. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ஆறு யாரிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டும் என்று முடிவு செய்வது எப்போதும் கரையில் இல்லாதவர்கள்.

அண்ணனிடம் ஒரு பத்து வயதுப் பையன் வந்தான். கொக்கியில் இரையை எப்படி மாட்டுவது என்று கையைப் பிடித்துக் காட்டினான். அண்ணனுக்குத் தெரியாததா? பேசாமல் காட்டவிட்டார். அரை மணி கழித்து உள்ளங்கை அளவில் ஒரு மீன் சிக்கியது. பையன்தான் கொக்கியைக் கழற்றினான். அண்ணன் குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் விட்டார்.

கிளம்பலாமா என்று கேட்டோம். தூண்டிலை எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று விசாரித்து வரச் சொல்லிவிட்டு, அடுத்த இரையை மாட்டிக்கொண்டிருந்தார்.