லப்பைக்குடிக்காட்டில் ஒரு பிளாங்க் பில்

உங்கள் ஆபீஸில் டி.ஏ. பில் என்று ஓர் இலக்கிய வகை உண்டா? எங்கள் ஆபீஸில் உண்டு. சிறுகதை, நாவல், டி.ஏ. பில்... மூன்றுக்கும் கற்பனை வளம் தேவை. முதல் இரண்டுக்குச் சன்மானம் கிடைப்பது நிச்சயமில்லை. மூன்றாவதற்கு உண்டு. பதினோரு வருட சர்வீஸில் நான் ஒரு நல்ல எழுத்தாளன்.

போன முறை என்னை அனுப்பிய ஊர் லப்பைக்குடிக்காடு. பேரைக் கேட்டதும், "அங்கே யானை இருக்குமா?" என்றாள் என் மனைவி. காடும் இல்லை, யானையும் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் வட ஓரம். வெள்ளாற்றைத் தாண்டினால் திட்டக்குடி, அது கடலூர் மாவட்டம். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் வழியெல்லாம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அப்புறம் திடீரென்று மினார்களும், பளபளக்கும் டைல்ஸ் வைத்த மாடி வீடுகளும். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். வளைகுடா நாடுகளில் சம்பாதித்து, இங்கே வீடு கட்டி, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி சம்பாதிக்கப் போய்விடுகிறார்கள். ஆறு மட்டும் எங்கும் போகாமல் மணலாய்க் கிடக்கிறது.

ஆபீஸ் கிளையில் கணக்குப் பார்க்கும் வேலை. வெள்ளி தொடங்கித் திங்கள் முடியும். லாட்ஜ் தேடினேன், கண்ணில் படவில்லை. கடைத்தெருவில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் ஒரு பாய், "மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு, தங்கிக்குங்க சார்" என்றார். குவைத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வாடகை கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி உள்ளே போய் இடியாப்பம் கொண்டு வந்தார்.

இங்கேதான் என் இலக்கிய மூளை விழித்துக்கொண்டது. தங்கியது இலவசம். ஆனால் ஆபீஸ் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரூம் வாடகை தருமே! பில் மட்டும் இருந்தால் போதும்.

சனிக்கிழமை ராத்திரி மெதுவாக ஆரம்பித்தேன். "பாய், கடையில பில் புக் இருக்குமில்ல? சும்மா ஒரு பிளாங்க் பில்... சீல் மட்டும் வச்சுக் குடுத்தா போதும். மத்ததை நான் எழுதிக்கறேன்."

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரூம் குடுத்தது நெசம். காசு வாங்கினது பொய். ரெண்டையும் ஒரே தாள்ல எப்படி சார் எழுதறது?"

"எல்லாரும் செய்யறதுதானே பாய்."

"செய்யறாங்கதான். ஆனா நான் அஞ்சு வேளை நெத்தியைத் தரையில வைக்கிறேன். இஸ்லாம்ங்கற வார்த்தைக்கே ஒப்படைக்கிறதுன்னுதான் அர்த்தம். எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டு பில் புக்கை மட்டும் பின்னாடி ஒளிச்சு வச்சுக்க முடியுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு அது பொறுக்கவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருக்கீங்க? ஏலாக்குறிச்சி போயிட்டு வாங்க. வீரமாமுனிவர் இருந்த ஊரு. குவைத்துல எங்கூட ஒரே ரூம்ல இருந்த பையனோட அப்பா அங்க இருக்காரு. உபதேசியார். நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். கூடவே கொஞ்சம் பெருமையாக, "வீரமாமுனிவருக்கு எங்க நவாபு பட்டமெல்லாம் குடுத்திருக்காரு, தெரியுமில்ல?" என்றார்.

1736-ல் திருச்சியைப் பிடித்த சந்தா சாகிப்பைத்தான் சொல்கிறார். முனிவர் அவரைப் பார்ப்பதற்காகவே மூன்று மாதத்தில் அவர் மொழியைக் கற்றார் என்றும், அவர் மகிழ்ந்துபோய் 'இஸ்மத் சந்நியாசி' என்று பட்டம் கொடுத்துத் திவானாக வைத்துக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. திவான் விஷயத்தை ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. லப்பைக்குடிக்காட்டுப் பாய் நம்புகிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிறு காலை கிளம்பினேன். பெரம்பலூர், அரியலூர், அங்கிருந்து தஞ்சாவூர் ரோடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசிக்கு நடுவில் கீழப்பழுவூர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இங்கே ஜன்னலுக்கு வெளியே பழுவேட்டரையரைத் தேடுவார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு முறுக்கு விற்கும் பையன். திருமானூரில் இறங்கி, கொள்ளிடத்தின் வடகரையோரமாக உள்ளே போக வேண்டும்.

போகிற பஸ்ஸின் போர்டில் 'ஏலாக்குறிச்சி' என்று எழுதியிருந்தது. அந்த முதல் எழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். 'எ'வுக்குக் கீழே ஒரு கால் போட்டால் 'ஏ'. முன்காலத்தில் அந்தக் கால் கிடையாது. குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைப்பார்கள், ஓலையில் எழுதும்போது அந்தப் புள்ளியும் பல சமயம் காணாமல் போகும். குறிலா நெடிலா என்று படிக்கிறவர் தலையெழுத்து. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 'ஏ'வுக்குக் காலும் 'ஓ'வுக்குச் சுழியும் கொடுத்தவர் வீரமாமுனிவர். ஆக, அவர் ஊருக்குப் போகிற பஸ்ஸில் முதல் எழுத்திலேயே அவர் நிற்கிறார்.

மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே அவர் சிலையைக் கடந்திருப்பீர்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. இத்தாலியில் 1680-ல் பிறந்தவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று பெயர். பதினெட்டு வயதில் சேசு சபையில் சேர்ந்து, சொத்து வேண்டாம், குடும்பம் வேண்டாம், மேலிடம் சொன்ன இடத்துக்குப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மேலிடம் சொன்ன இடம் நம்ம ஊர். 1710-ல் கோவாவில் இறங்கியபோது வயது முப்பது. நமக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் கேன்சல் பண்ண ஆள் பிடிக்கிற வயது. 1747-ல் இறக்கும்வரை அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை.

இடையில் செய்த வேலைகளைப் பாருங்கள். 3615 பாட்டில் தேம்பாவணி. சதுரகராதி என்று அகராதி. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம். திருக்குறளில் அறத்துப்பாலும் பொருட்பாலும் லத்தீனில். இவ்வளவுக்கும் பஞ்சப்படி கிடையாது.

ஏலாக்குறிச்சியில் இறங்கினால் அமைதி. அடைக்கல மாதா கோயில். இந்த ஊருக்கு முனிவர் வைத்த பெயர் திருக்காவலூர். அரியலூர் ஜமீனின் மழவராயருக்கு ராஜபிளவை கண்டபோது முனிவர்தான் மருந்திட்டுக் குணமாக்கினார், அதற்காகக் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்று இங்கே சொல்கிறார்கள். மொட்டை போட்ட குழந்தைகள், மெழுகுவத்தி, குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுத் தூக்கு. நெற்றியில் விபூதியோடு வந்தவர்களும் நிறையப் பேர்.

உபதேசியாரைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். பாய் பெயரைச் சொன்னதும், "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார்.

உபதேசியார் என்றால் என்ன வேலை என்று கேட்டேன்.

"சாமியார் வராத நாள்ல ஜெபம் சொல்லிக் குடுக்கிறது, பிள்ளைங்களுக்கு வேதம் சொல்றது, சாவு வீட்டுல நிக்கிறது. முனிவர் காலத்துல சாமியாருங்க ரொம்பக் கொஞ்சம். ஒரு ஊருக்கு வந்தா மறுபடி எப்ப வருவாங்களோ. அதுவரைக்கும் ஜனங்க யாரைப் பாப்பாங்க? உபதேசியாரைத்தான். அவன் சந்தையில ஒரு பொய் சொன்னா, அவன் சொன்ன வேதம் பூரா பொய்யாப் போயிடும். அதுக்காகத்தான் முனிவர் 'வேதியர் ஒழுக்கம்'னு தனியா ஒரு பொஸ்தகமே எழுதுனாரு."

1727-ல் எழுதியது அது. பாட்டு இல்லை, உரைநடை. வேதத்தைப் போதிக்கிறவன் முதலில் அதன்படி நடக்க வேண்டும் என்பதுதான் சாரம். சொல்லிவிட்டுப் பெரியவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை இழுத்தார். "ஆண்டவர்கிட்ட என்னை முழுசா ஒப்படைச்சிட்டேன்னு ஞாயித்துக்கிழமை பூசையில சொல்றது சுலபம் தம்பி. மறுநாளு திங்கக்கிழமை வருதே!"

அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை, ரேஷன் கடையில் எடை போடுவது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேஷன் கடைத் தராசும் டி.ஏ. பில்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆயிற்றே.

"சாக்கு எடையைக் கழிச்சுத்தான் போடுவேன். முள்ளு நடுவுல நின்னாத்தான் கொட்டுவேன். பிழைக்கத் தெரியாதவன்னு பேரு. மூட்டையில குறைஞ்சா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. பெரிய பொண்ணு கல்யாணம் கடன்லதான் நடந்துச்சு. அதை அடைக்கத்தான் பையன் குவைத்துக்குப் போனான். 'நீங்க பிழைச்சிருந்தா நான் ஏம்ப்பா பாலைவனத்துல கெடக்கணும்'னு போன்ல கேட்டான் ஒரு தரம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. என்னத்தைச் சொல்றது? அவன் கேட்டது நியாயந்தானே. ஆனா அடுத்த தராசுல நான் மாத்திப் போட்டிருக்க முடியுமாங்கிறீங்க? அதுவும் முடியலை." கொஞ்சம் நிறுத்தினார். "ஒப்படைக்கிறதுன்னா நமக்கு மட்டும் வலிக்காது தம்பி. வீட்டுக்கும் வலிக்கும். அதை யாரும் பிரசங்கத்துல சொல்றதில்லை."

இதற்கு மேல் மறைக்க முடியாமல் என் பிளாங்க் பில் கதையைச் சொல்லிவிட்டேன். கூடவே என் வக்கீல் வாதத்தையும் எடுத்து விட்டேன். "ரூல் புக்கில, தெரிஞ்சவங்க வீட்டுல சும்மா தங்கினா வாடகை கேட்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை ஐயா!"

பெரியவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "பரமார்த்த குரு கதை படிச்சிருக்கீங்களா?"

படிக்காமல் என்ன? தமிழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிற எல்லோருக்கும் தாத்தா அந்தப் புத்தகம்தான். அதுவும் இதே முனிவர் எழுதியது. 1822-ல் லண்டனில் அச்சானது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். குதிரையிலிருந்து என்னென்ன விழுந்தால் எடுக்க வேண்டும் என்று குரு ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுப்பார். ஒரு நாள் குருவே குழியில் விழுவார். சீடர்கள் ஓலையைப் படித்து, தலைப்பாகை, வேட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, குருவை மட்டும் குழியிலேயே விட்டுவிடுவார்கள். கேட்டால், "உங்களை எடுக்கச் சொல்லி ஓலையில் இல்லையே!"

"நீங்க அந்த ஆறாவது சீடன்" என்றார் பெரியவர்.

கோபம் வரவில்லை. வந்த வெட்கத்தில் அதற்கு இடமில்லை. வேதப்படி வாழச் சொல்லிப் புத்தகம் எழுதிய அதே கை, ஓலையை மட்டும் பார்த்து வாழ்கிறவனைக் கேலியும் செய்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வயது தேவைப்பட்டது.

அப்புறம் அவர் சக்கேயு கதை சொன்னார். பைபிளில் லூக்கா எழுதியது. சக்கேயு வரி வசூல் அதிகாரி. அதாவது நம்ம ஆள். நல்ல பசை. குள்ளம் வேறு. இயேசு அந்த வழியாக வருகிறார் என்றதும், கூட்டத்தில் தெரியாமல் அத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். இயேசு நிமிர்ந்து பார்த்து, சீக்கிரம் இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கப் போகிறேன் என்கிறார். பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை. ஆனால் சக்கேயு தானாகவே சொல்கிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு. யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன்.

"கவனிச்சீங்களா? சாமி வீட்டுக்கு வர்றேன்னுதான் சொன்னாரு. அவன் கணக்கு நோட்டைத் தொறந்தான். ஒப்படைக்கிறதுங்கறது அதுதான் தம்பி. கண்ணை மூடிக்கிட்டு அழுவுறது இல்லை" என்று சொல்லிவிட்டு, தைத்து முடித்த செருப்பைப் போட்டுப் பார்த்தார்.

சாயந்திர பஸ்ஸில் திரும்பினேன். மாடி ரூமில் பாய் கொசுவத்தி ஏற்றி வைத்திருந்தார். என்னையும்தான் ஒருவர் காசில்லாமல் வீட்டில் தங்க வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

திருச்சிக்கு வந்து பில் எழுதினேன். பஸ் கட்டணம் உள்ளபடி. தங்கிய செலவு: இல்லை. இரண்டே வரி. என் எழுத்து வாழ்க்கையிலேயே சின்னப் படைப்பு. அந்தப் பணத்தில் மனைவிக்கு மிக்ஸி வாங்குவதாகச் சொல்லியிருந்தேன். அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது பழைய மிக்ஸியை ஒரு தட்டுத் தட்டினாள். அது ஓடியது. அவள் பேசவில்லை. 'வீட்டுக்கும் வலிக்கும்' என்று பெரியவர் சொன்னது சும்மா இல்லை.

பத்தாம் நாள் அக்கவுண்ட்ஸிலிருந்து மெமோ வந்தது. 'இதே ஊருக்கு முன்பு சென்றவர்களின் பில்களோடு ஒப்பிடுகையில் தங்கள் பில் மிகவும் குறைவாக உள்ளது. விளக்கம் தரவும்.'

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி கால்குலேட்டரை எடுத்து, பதினோரு வருடப் பழைய பில்களில் கற்பனைப் பகுதியை மட்டும் கூட்டி, அதை நாலால் பெருக்கிப் பார்த்தேன். பெருக்கிவிட்டு கால்குலேட்டரை அணைத்துவிட்டேன்.

சக்கேயு ஒரே தாவலில் இறங்கிவிட்டார். நான் இன்னும் மரத்தில்தான் இருக்கிறேன். ஒரு கிளை கீழே வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.