முடத்தெங்கும் ஒரு விண்ணப்பமும்

மருத்துவம் கல்லாத ஒருவரை நோயாளியின் அருகே நிறுத்தி, ஐந்தாண்டு சென்றபின் மருத்துவம் பயின்று வருமாறு அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. ஆசிரியத் தொழிலிலோ, பட்டதாரிகளைப் பொறுத்தவரை, அதுவே நெடுங்காலமாகப் பெருவழக்காக இருந்து வருகின்றது. கலைப்பட்டமோ விஞ்ஞானப்பட்டமோ பெற்றவர் முதலில் நியமனம் பெறுகின்றார், வகுப்பறைக்குள் நுழைகின்றார், சில ஆண்டுகள் கழிந்த பின்னரே கற்பித்தலைக் கற்பதற்கு விண்ணப்பிக்கின்றார். கல்வியியற் கல்லூரிகளிலே பயின்று வருவோரும் கல்விமாணிப் பட்டம் பெற்றோரும் இதற்கு விலக்காவர்.

இவ்வாறு பிந்தி வரும் பயிற்சிக்கே பட்டப்பின் கல்வி டிப்ளோமா என்று பெயர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே 1949ஆம் ஆண்டு கல்வித்துறை அமைக்கப்பட்டது. இன்று பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களும், திறந்த பல்கலைக்கழகமும், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய கல்வி நிறுவகமும் இப்பயிற்சியை வழங்குகின்றன. கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், அளவீடும் மதிப்பீடும் என்னும் பாடங்களோடு கற்பித்தற் பயிற்சியும் இதில் அடங்கும். 1994ஆம் ஆண்டு இலங்கை ஆசிரியர் சேவை உருவாக்கப்பட்டபின் தொழிற்றகைமைக்கும் பதவியுயர்வுக்கும் உள்ள பிணைப்பு மேலும் இறுகியது. எனவே, இதற்கு விண்ணப்பிப்போர் அனைவரும் கற்பித்தற் கலையின் மீது கொண்ட காதலால் மட்டுமே விண்ணப்பிக்கின்றனர் என்று கூறிவிட முடியாது. சம்பளப் படிமுறையும் இடமாற்றமும் அவ்விண்ணப்பத்தின் பின்னே நிற்கின்றன. அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அவ்விரண்டையும் கடந்த ஒரு வினாவும் அங்கு உண்டு. மலையகத்து ஆசிரியை ஒருவரின் அனுபவம் அதனைத் தெளிவுபடுத்தும்.

அவர் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவர். நுவரெலியா மாவட்டத்திலே தோட்டப் பாடசாலையொன்றில் ஐந்தாவது ஆண்டாகப் பணிபுரிந்து கொண்டிருந்தார். அவரும் லயத்திலே பிறந்து வளர்ந்தவரே. தாயார் கொழுந்து பறித்துப் படிப்பித்த பிள்ளை. டிப்ளோமாவுக்கான அறிவித்தலை இரண்டு முறை பத்திரிகையிலே கண்டும் அவர் விண்ணப்பிக்கவில்லை. பாடநெறி வார இறுதி நாட்களில் நடைபெறுவது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வந்து சேர்வதென்றால் விடியுமுன்னே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். சனிக்கிழமைகளிலே சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கு அவர் கட்டணமின்றி நடத்திவந்த வகுப்பு நின்றுபோகும். கட்டணமோ சில மாதச் சேமிப்பை விழுங்கிவிடக் கூடியது. தாயாருக்கு இம்முயற்சியின் பொருளே விளங்கவில்லை. “நீதான் டீச்சராச்சே புள்ள, இன்னும் டீச்சருக்கு என்னத்தப் படிக்கப் போற?” என்று அவர் கேட்டார். அறியாமையால் எழுந்ததாகத் தோன்றும் அவ்வினா உண்மையில் நம் ஆட்சேர்ப்பு முறையை நோக்கி எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

மூன்றாவது ஆண்டு அவரை விண்ணப்பிக்கத் தூண்டியது பதவியுயர்வன்று. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கட்டுரைக் கொப்பி. வகுப்புக்கு வெளியே ஓயாது பேசுபவன் அவன். மழையிலே மண்மேடு சரிந்ததையும், அட்டை கடித்ததையும், பெரட்டுக் களத்திலே நடந்த வாக்குவாதத்தையும் கேட்போர் சிரிக்கும்படி சொல்லக் கூடியவன். கொப்பியிலோ மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டான். முதற் கட்டுரையிலே, அம்மா மலைக்குப் போனதாகவும் தங்கள் காம்பராவிலே ஐந்து பேர் இருப்பதாகவும் அவன் எழுதியிருந்தான். ‘மலை’ என்பது ‘தேயிலைத் தோட்டம்’ என்றும் ‘காம்பரா’ என்பது ‘அறை’ என்றும் சிவப்பு மையினால் மாற்றப்பட்டன. எழுத்துத் தமிழைக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் செய்யும் காரியமே அது. அவருடைய கொப்பிகளிலும் அவருடைய ஆசிரியர்கள் அவ்வாறே செய்திருந்தனர். ஆனால், திருத்தம் கூடக்கூட அவனுடைய வரிகள் குறைந்துகொண்டே வந்தன.

பட்டப்படிப்பிலே அவர் நன்னூலையும் தொல்காப்பியத்தையும் கற்றிருந்தார். புணர்ச்சி விதிகளைப் பிழையின்றிச் சொல்லுவார். ஒரு பிள்ளையின் வாய்மொழியை அவனுடைய எழுத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழியை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. டிப்ளோமா முடித்த மூத்த ஆசிரியை ஒருவரின் குறிப்புகளை இரவல் வாங்கிப் படித்தபோதுதான், இது தம்முடைய வகுப்பறைக்கு மட்டும் உரிய சிக்கலன்று என்பதை அவர் அறிந்தார். வீட்டு மொழிக்கும் பாடசாலை மொழிக்கும் இடையிலுள்ள தூரம் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளை எவ்வாறு பின்தள்ளுகின்றது என்பதைப் பிரித்தானியச் சமூகவியலாளரான பசில் பேர்ண்ஸ்டைன் ஆராய்ந்திருந்தார். அமெரிக்க மொழியியலாளரான வில்லியம் லபோவ், நகர்ப்புறக் கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சுக்கு அதற்கேயுரிய ஒழுங்கும் தர்க்கமும் உண்டென 1969ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி, அதனைக் குறைபாடாகக் கருதுவோரை மறுத்திருந்தார். அக்குறிப்புகளில் இவை பத்துப் பன்னிரண்டு வரிகளிலே அடங்கியிருந்தன. மீதியைக் கற்க வேண்டும் என்னும் எண்ணமே விண்ணப்பப் படிவத்தைப் பெற வைத்தது.

படிவம் நான்கு பக்கங்களைக் கொண்டது. பெயர், அடையாள அட்டை இலக்கம், பட்டம், வகுப்பு, முதல் நியமனத் திகதி, கற்பிக்கும் பாடங்கள், வாரத்துக்குரிய பாடவேளைகள் என்று அது வினவியது. பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியும், பணம் செலுத்திய வங்கிச் சிட்டையும், முத்திரை ஒட்டிச் சுயவிலாசமிட்ட கடிதவுறையும் இணைக்கப்பட வேண்டியிருந்தன. பிறப்புச் சான்றிதழிலேதான் முதற்றடை ஏற்பட்டது. பதிவு செய்தவர் செவியில் விழுந்தவாறு எழுதிய பெயர் ஒன்று. பாடசாலையிலும் பட்டத்திலும் வழங்கிய பெயர் வேறொன்று. தோட்டப்புறத்திலே பிறந்த பலருக்கு இது பழகிப்போன தொல்லை. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் எனச் சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக்கடதாசி முடித்து இணைத்தார். ‘அம்மா மலைக்கு’ என்று எழுதிய பிள்ளையின் சொல்லைப் போலவே, தம்முடைய பெயரும் எங்கோ ஓர் அலுவலகத்தில் எவராலோ மாற்றப்பட்டிருந்தது என்பதை அன்று அவர் எண்ணிப் பார்த்தார்.

இரண்டாவது தடை, நிறுவனத் தலைவரின் சிபார்சு. அதிபர் கண்டிப்பானவரல்லர், ஆசிரியையின் திறமையைப் பலரிடமும் புகழ்ந்தவர். எனினும், படிவத்தை மேசைமீது வைத்ததும் அவர் பேனாவை எடுக்கவில்லை.

“டீச்சர், நான் கையெழுத்து வைக்கிற ஒவ்வொரு சிபார்சும் எனக்கு இடமாற்றக் கடிதமாத்தான் திரும்பி வருது” என்றார் அதிபர்.

“நான் இந்த ஊர்ப் பிள்ளைதானே, சேர்” என்றார் ஆசிரியை.

“போனவங்களிலயும் ரெண்டு பேர் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.”

அதிபரின் சொற்களிலே கசப்பு இருந்தது. ஆனால் பொய் இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை அறிந்தோர் அக்கசப்பைப் புரிந்துகொள்வர். தோட்ட நிர்வாகத்தின் கீழ், ஒற்றை மண்டபத்திலே, ஓராசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய காலம் நீண்டது. 1945ஆம் ஆண்டிலே நாடு இலவசக் கல்வியைக் கொண்டாடியபோது அதன் பயன் லயங்களை எட்டவில்லை. 1970களிலே படிப்படியாக அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பின்னர் கட்டிடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். கொட்டகலையிலே ஆசிரியர் கலாசாலையும் பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் பணியாற்றலாயின. ஆயினும், பயிற்சி பெற்றவர் நகரத்தை நோக்கி நகர்வது நிற்கவில்லை. பாடசாலையொன்று தன் பிள்ளைகளின் பாடவேளைகளை விட்டுக்கொடுத்து ஓராசிரியரைப் பயிற்றுவிக்கின்றது. அப்பயிற்சியின் பலனை வேறொரு பாடசாலை நுகர்கின்றது.

இந்நிலையை நன்னூலார் அறிந்திருந்தாரோ என எண்ணத் தோன்றுகின்றது. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாகக் கூறும் பவணந்தி முனிவர், ஆசிரியராதற்குத் தகாதவருக்கும் நான்கு உவமைகளைத் தந்துள்ளார். கழற்காய் பெய்த குடம், பெய்த முறையிலன்றித் தன் போக்கிலே கொட்டும். மடல் நிறைந்த பனை, பிறரை ஏறவிடாது. தானாக விழுத்தினாலன்றிப் பழம் தராது. பருத்தி அடைத்த குண்டிகை, சிறிது சிறிதாக அடைத்தாலன்றிக் கொள்ளாது. சிறிது சிறிதாகப் பிடுங்கினாலன்றிக் கொடாது. நான்காவது முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, அது அயலார் வளவிலே வளைந்து காய்களை உதிர்க்கும். முதல் மூன்று குறைகளையும் தேர்வுக்குழுவினர் நேர்முகப் பரீட்சையிலோ கற்பித்தற் பயிற்சியிலோ ஓரளவு கண்டுகொள்ளலாம். நான்காவதைக் கண்டறிய எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

ஆனால், தென்னை தானாக வளைவதில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. ஒளி கிடைக்கும் பக்கமே மரம் சாயும். இரண்டு மைல் ஏற்றத்தை நாள்தோறும் நடந்து கடப்பவரும், மழைக்காலத்திலே வீதி துண்டிக்கப்பட்டால் சம்பளத்தை எடுப்பதற்குக்கூட நகரம் செல்ல இயலாதவரும், தம் பிள்ளைக்கு நல்ல பாடசாலையைத் தேடுவது இயற்கை. நகரத்து ஆசிரியரிடம் எவரும் கேளாத தியாகத்தைத் தோட்டத்து ஆசிரியரிடம் மட்டும் எதிர்பார்ப்பது அறமாகாது. லயத்திலே பிறந்தவர் லயத்தருகே இருந்தே ஓய்வுபெற வேண்டும் என்பதும் ஒருவகைத் தளையே. ஆசிரியைக்கு இந்நியாயம் தெரிந்திருந்தது. அதனாலேதான், ‘என்றும் போகமாட்டேன்’ என்னும் வாக்குறுதியை அவர் அதிபருக்குக் கொடுக்கவில்லை.

கொடுத்தது வேறு. சாதாரண தர வகுப்பை வெள்ளி பிற்பகலுக்கு மாற்றி, அதற்கான கால அட்டவணையைத் தாமே வரைந்து மறுநாள் கொண்டுவந்தார். கற்பித்தற் பயிற்சியை அப்பாடசாலையிலேயே செய்வதாகவும், கற்பவற்றை மாதம் ஒருமுறை ஏனைய ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதாகவும், ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் இருவர் பிள்ளைகளின் வாய்மொழிக் கதைகளைத் தம்மோடு சேர்ந்து எழுதிச் சேகரிக்க இணங்கியுள்ளதாகவும் கூறினார். அதிபர் அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். இரண்டு பாடவேளைகளை இடம் மாற்றிக் குறித்துவிட்டு, படிவத்திலே கையெழுத்திட்டு முத்திரை பதித்தார். முடிவுத் திகதிக்கு நான்கு நாட்களே இருந்தன. வலயக் கல்வி அலுவலகத்தின் ஒப்பமும் பெற்று, கடிதவுறையின் இடது மேல் மூலையிலே பாடநெறியின் பெயரைக் குறித்து, பதிவுத் தபாலில் அவர் அதனை அனுப்பினார். சில மாதங்களின் பின் அனுமதிக் கடிதம் வந்தது.

பட்டதாரி ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இடங்களின் எண்ணிக்கையையும் பாடத்திட்டத்தையும் பற்றியே பேசுகின்றோம். அவை வேண்டியவையே. அதனோடு, பயிற்சி பெறுபவரின் பாடசாலை எது, அப்பயிற்சியால் அங்கு என்ன எஞ்சும் என்பதையும் பல்கலைக்கழகங்கள் கேட்டல் நன்று. கற்பித்தற் பயிற்சியை மதிப்பிட விரிவுரையாளர் ஒருவர் தோட்டப் பாடசாலைக்கு வரும் நாள், புள்ளியிடும் நாளாக மட்டும் கழிந்துவிடலாகாது. பல்கலைக்கழகம் அவ்வகுப்பறையின் பின்வாங்கிலே அமர்ந்து, பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் நாள் அது. அங்கு கேட்பது விரிவுரை மண்டபத்துக்குத் திரும்பிச் செல்லுமாயின் பயிற்சி இரு பக்கமும் பயன் தரும். அவ்வாறே, பயிற்சி பெற்றவர் ஒரு பாடசாலையிலே தங்கத்தக்க வீட்டு வசதியையும் போக்குவரத்தையும் அரசு அளிக்குமாயின், ஆசிரியரின் மனச்சாட்சி ஒன்றே அப்பாடசாலையின் வேலியாக இருக்க வேண்டியதில்லை.

அந்த ஏழாம் வகுப்பு மாணவன் இப்பொழுது எட்டாம் வகுப்பிலே இருக்கின்றான். அவன் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதிய கதையொன்றை அவனே பின்னர் பார்த்து எழுதியுள்ளான், ஒன்றரைப் பக்கம். அதிலே ‘மலை’ திருத்தப்படவில்லை. அதன் கீழே, தேயிலை பயிராகும் நிலத்தைத் தோட்டத்து மக்கள் அவ்வாறு அழைப்பர் என்னும் குறிப்பு, அவன் கையெழுத்திலேயே உள்ளது.