பாங்காக் முதல் சிங்கப்பூர் வரை, கிராம் கணக்கில்

பாங்காக்கின் காவ்சான் சாலையில் மாலையில் நடந்தால் திரும்பும் பக்கமெல்லாம் பச்சை இலைப் படம் போட்ட கடைகள். 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கஞ்சாக் குற்றங்களுக்காக உள்ளே இருந்த 3,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறைக் கதவு திறந்தது. நான் போனது அதற்கு அடுத்த ஆண்டின் கடைசியில். கண்ணாடி ஜாடிகளில் காய்ந்த மொட்டுகளை ரகவாரியாக அடுக்கி வைத்து, எலக்ட்ரானிக் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார்கள்.

கடையிலிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். இருபது வயது ஆகாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்துப் பிறருக்குத் தொல்லை என்று ஆனால் மூன்று மாதம் வரை சிறை, 25,000 பாட் வரை அபராதம். கடைசியாக, கேட்காமலே ஒன்று சொன்னார்: “வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.” நான் வாங்க வந்தவனில்லை, பார்க்க வந்தவன். ஆனாலும் அந்தச் சொல் கூடவே வந்தது, ஏனென்றால் நான் போகவேண்டிய வழி தெற்கே, ரயிலில், சிங்கப்பூர் வரை.

இரவு முழுக்க ஓடிய வண்டி காலையில் பாடாங் பெசாரில் நின்றது. தாய்லாந்துக் குடிநுழைவும் மலேசியக் குடிநுழைவும் ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. ஒரு முத்திரை வாங்கி அடுத்த முத்திரைக்கு நடக்கச் சில நிமிடம் போதும். காவ்சானில் பார்த்த பெரிய ஜாடி ஒன்றில் 200 கிராமாவது இருந்திருக்கும். மலேசியப் பக்கம் 200 கிராம் வைத்திருந்தாலே கடத்தத்தான் வைத்திருக்கிறாய் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. 1983இலிருந்து கடத்தலுக்குக் கட்டாயத் தூக்கு இருந்தது. 2023 ஜூலையில்தான் அந்தக் ‘கட்டாயம்’ நீங்கியது. இப்போது தூக்கா, அல்லது ஆயுள் சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். இதுவும் கொடிய தண்டனைதான். ஆனால் எதிரே நிற்பவர் யார், எப்படி இதில் சிக்கினார் என்று பார்க்க நீதிபதிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழைய தீர்ப்புகளையும் மறுபடி எடுத்துப் பார்த்து நூற்றுக்கணக்கானோரின் தூக்கை நீக்கியிருக்கிறார்கள்.

பினாங்கையும் கோலாலம்பூரையும் தாண்டி ஜொகூர் பாரு. விடியுமுன்பே மாமாக் தேநீர்க் கடையில் கூட்டம். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிறவர். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தவர், வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். பின்பெட்டியைத் திறந்து மழைக்கோட்டை உதறினார். சக்கரத்துக்கு மேலே கைவிட்டுத் தடவினார்.

“என்ன தம்பி, எதுவும் தொலைஞ்சுபோச்சா?” என்றேன்.

“இல்லண்ணே. யாராச்சும் எதையாச்சும் வச்சிருந்தா? அந்தப் பக்கம் போய் எனக்குத் தெரியாதுன்னு சொன்னா யாரு நம்புவா? தினமும் பாத்துட்டுத்தான் கெளம்புவேன்.”

அவர் சட்டப் புத்தகம் படித்தவரில்லை. ஆனால் சட்டத்தைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார். போதைப்பொருள் இருக்கும் பொருள் ஒன்று உன் வசம் இருந்தால் அந்தப் போதைப்பொருளும் உன்னுடையது என்றே சிங்கப்பூர்ச் சட்டம் அனுமானிக்கிறது. வண்டியின் சாவி கையில் இருந்தாலே போதும். கஞ்சா 15 கிராமைத் தாண்டினால் விற்பதற்கு என்ற அனுமானமும் சேர்ந்துகொள்ளும். 500 கிராமைத் தாண்டிய கடத்தலுக்குத் தூக்கு. பொருளைச் சுமந்து வந்தவர் மட்டுமே என்று நிறுவி, விசாரணைக்குப் பெரிதும் உதவினார் என்று அரசு வழக்கறிஞரும் சான்று தந்தால்தான் பெரும்பாலும் நீதிபதி ஆயுள் தண்டனையைப் பற்றி யோசிக்கவே முடியும். சிங்கப்பூர்க் குடிமகன் காவ்சானில் அந்நாட்டுச் சட்டப்படியே புகைத்திருந்தாலும் தன் ஊரில் அது குற்றம். பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு ரயிலில் ஐந்து நிமிடம். கீழே ஒரே நீரிணை.

தேக்கா சந்தையில் காய் வாங்க வந்திருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “சட்டம் கடுமையா இருக்கறதாலதான் தம்பி, ராத்திரி பத்து மணிக்கும் பேத்தி தனியா வீட்டுக்கு வர்றா” என்றார். அந்த நிம்மதியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போதையில் பிள்ளையை இழந்த குடும்பங்களை நம் ஊரில் பார்த்திருக்கிறேன். கஞ்சா தீங்கற்றது என்று வாதாடவும் இதை எழுதவில்லை.

ஆனால் தங்கராஜு சுப்பையாவை என்னால் ஒதுக்க முடியவில்லை. சிங்கப்பூர்த் தமிழர். 2013இல் 1,017.9 கிராம் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்று 2018இல் தீர்ப்பு, 2023 ஏப்ரல் 26 விடியலில் சாங்கி சிறையில் தூக்கு. வயது 46. கஞ்சா அவர் கைக்கு வரவே இல்லை. கைமாற்றத்தை ஒருங்கிணைத்தவர் அவர்தான் என்பதற்கு இரண்டு கைபேசி எண்கள் முக்கியச் சான்றாக நின்றன. போலீஸ் வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்று அவர் சொன்னார். அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டில், உயிர் போகும் வழக்கில், இந்தச் சந்தேகம் எழுவதற்கே இடம் இருந்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அந்த எடையை நம் நாட்டுச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் ஒரு கிலோ வரை கஞ்சா ‘சிறிய அளவு’. அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தங்கராஜு வழக்கின் எடை அதைவிட 17.9 கிராம்தான் கூடுதல். ஒரு கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் இடையே பத்து ஆண்டு வரை சிறை. கஞ்சாப் பூவுக்குத்தான் இந்தக் கணக்கு. மொட்டில்லாத தனி இலை சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வராததால் காசியில் பாங் கடைகள் அரசு உரிமத்தோடு நடக்கின்றன. பாங்காக்கிலோ அந்த 1,017.9 கிராம், நான் நின்ற கடையின் ஓர் அலமாரித் தட்டு.

ஊர் திரும்பிய பிறகு ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் ஹைட்ரோபோனிக் கஞ்சா, சென்னை விமான நிலையத்தில் கைது. பிடிபடுகிறவர்களில் பலர் குருவிகள். கூலிக்குப் பெட்டி தூக்குகிறவர்கள். பெட்டியை நிரப்பியவர் எந்த விமானத்திலும் ஏறுவதில்லை.

தாய்லாந்தும் பின்வாங்கிவிட்டது. 2025 ஜூன் முதல் கஞ்சாப் பூ வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தவர் 25 கிராம் வரை வெளியில் எடுத்துப்போகலாம். நாளை அங்கேயும் ஆட்சி மாறினால் மாறலாம். சிங்கப்பூர் கஞ்சாவை அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அந்நாட்டு மக்கள் முடிவு. பாலத்துக்கு மறுபக்கம் மலேசியா செய்ததைத்தான் கேட்கிறேன்: தராசு காட்டும் எண்ணோடு நிறுத்திவிடாமல் தண்டனையை முடிவு செய்யும் உரிமை நீதிபதியிடம் வர வேண்டும். கைதானவர் வாய் திறக்கும் முதல் நிமிடத்திலிருந்து அவர் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.